ஸ்டீராய்டோடு எந்தக் கால்சியம்? சென்னை மருந்துக்கடை அலமாரியைப் பற்றி ஒரு மதிப்பீடு

பிரெட்னிசொலோன் எழுதிய சீட்டோடு சென்னையில் எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் பெரும்பாலும் கவரில் மூன்று அட்டைகள் விழும்: ஸ்டீராய்டு, கேஸ் மாத்திரை, கால்சியம். சீட்டில் கால்சியம் எழுதியிருக்காவிட்டால் கவரிலும் அது இருக்காது. எழுதியிருந்தாலும் வெறுமனே 'கால்சியம் 500' என்றிருந்தால், கடையில் எந்தக் கம்பெனி கையிருப்பு இருக்கிறதோ அதுதான் கைக்கு வரும். ஆஸ்துமா, முடக்குவாதம், லூபஸ் (நோய் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்), சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும் நோய், மாற்றுச் சிறுநீரகம் என்று மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு அந்த மூன்றாவது அட்டை சாதாரணச் சத்து மாத்திரை அல்ல. அதைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறுகள் ஒன்றிரண்டு வருடம் கழித்து முதுகெலும்பில் தெரியவரும்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தினமும் கேஸ் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவர் கால்சியம் சிட்ரேட் அல்லது சிட்ரேட் மாலேட் வாங்கலாம். கேஸ் மாத்திரை இல்லாதவருக்குக் கார்பனேட்டே போதும். விலையும் குறைவு, மாத்திரை எண்ணிக்கையும் குறைவு. கால்சிட்ரியால் (வைட்டமின் டி-யின் தயார் வடிவம்) கலந்த கேப்ஸ்யூலை டாக்டர் பெயர் சொல்லி எழுதாமல் வாங்கவே கூடாது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, ஸ்டீராய்டு எலும்பை என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

குடலிலிருந்து கால்சியத்தை ரத்தத்துக்குள் இழுப்பதற்குச் சில புரதங்கள் வேண்டும். அவற்றை உண்டாக்கச் சொல்வது வைட்டமின் டி. ஸ்டீராய்டு அந்த உத்தரவுக்குக் குறுக்கே நிற்கிறது. அதனால் அதே ஒரு டம்ளர் பாலிலிருந்து முன்பு கிடைத்த அளவு இப்போது கிடைப்பதில்லை. அடுத்த நஷ்டம் சிறுநீரகத்தில். வடிகட்டிய கால்சியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதில் அது மந்தமாகிறது. சிறுநீரோடு கூடுதலாகப் போகிறது. இந்த இரண்டையும் மாத்திரையால் ஓரளவு ஈடுகட்டலாம். மூன்றாவதுதான் பெரிய சேதம். எலும்பைக் கட்டும் செல்கள் குறைவாக உருவாகின்றன, உருவானவையும் சீக்கிரம் மடிகின்றன. எலும்புக்குள்ளேயே இருந்து அதைப் பராமரிக்கும் செல்களும் சாகின்றன. தொடக்க மாதங்களில் எலும்பை அரிக்கும் செல்களின் வேகம் வேறு கூடுகிறது. போதாததற்கு, பாலியல் ஹார்மோன்கள் குறைவதும் தொடைத் தசை மெலிவதும் சேர்ந்து, எலும்பு பலவீனமாகும் அதே காலத்தில் ஆள் தடுமாறி விழவும் வழி செய்கின்றன. கொத்தனார் வேலைக்கு வராத இடத்தில் செங்கல் மட்டும் இறக்கினால் சுவர் எழும்பாது. கால்சியம் அவசியம்; ஆனால் ஸ்டீராய்டு அளவு கூடினவருக்கு அது மட்டும் போதாது.

காலக்கணக்கும் முக்கியம். எலும்பு இழப்பு மிக வேகமாக நடப்பது முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில். உடனடியாகப் பாதிக்கப்படுவது முதுகெலும்புக் கட்டைகள், விலா எலும்பு போன்ற, உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் எலும்புகள். 'ஆறு மாதம் போகட்டும், கால் வலித்தால் கால்சியம் ஆரம்பிக்கலாம்' என்று இருப்பவர் மோசமான கட்டத்தைக் கால்சியம் இல்லாமலே கடந்துவிடுகிறார். அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகத்தின் வழிகாட்டுதல் வைக்கும் எல்லைக்கோடு ஆச்சரியப்படும் அளவுக்குக் கீழே இருக்கிறது: ஒரு நாளைக்கு பிரெட்னிசொலோன் 2.5 மி.கி., மூன்று மாதத்துக்கு மேல். அதாவது 5 மி.கி. மாத்திரையில் பாதி. 'சின்ன டோஸ்தானே' என்பது எலும்புக்குப் பொருந்தாது. நல்ல சேதியும் உண்டு. ஸ்டீராய்டை டாக்டர் குறைத்து நிறுத்தியபின் முறிவு அபாயம் இறங்குகிறது, எலும்பும் ஒரு பகுதி மீள்கிறது. அதற்காக யாரும் தாங்களாகவே திடீரென்று நிறுத்தக்கூடாது. பல வாரம் சாப்பிட்டவரின் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

உங்கள் மாத்திரை பிரெட்னிசொலோன் இல்லையென்றால் கணக்கு இது: பிரெட்னிசொலோன் 5 மி.கி.க்குச் சமம் மெத்தில்பிரெட்னிசொலோன் 4 மி.கி., டிஃப்ளாசாகார்ட் சுமார் 6 மி.கி., டெக்ஸாமெத்தசோன் 0.75 மி.கி., பீட்டாமெத்தசோன் 0.6 மி.கி. வைசொலோனும் ஓம்னகார்டிலும் பிரெட்னிசொலோன், மெட்ரால் மெத்தில்பிரெட்னிசொலோன், டெஃப்கார்ட் டிஃப்ளாசாகார்ட். இதில் டிஃப்ளாசாகார்ட் 'எலும்புக்குப் பாதுகாப்பானது' என்ற பேச்சு ரொம்ப நாளாக ஓடுகிறது. சமமான டோஸில் சாப்பிடும்போது அதை நம்பிக் கால்சியத்தையோ பரிசோதனையையோ விட்டுவிட வேண்டாம். இன்ஹேலரில் போகும் ஸ்டீராய்டு மிகக் குறைவு. அதற்குப் பயந்து இன்ஹேலரை விட்டு மாத்திரைக்குத் தாவுவது எலும்புக்குச் செய்யும் பெரிய துரோகம்.

அட்டையின் பின்பக்கம்

முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும் 500 எதைக் குறிக்கிறது? பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் 'எலிமென்டல் கால்சியம்' என்ற சொல்லைத் தேடுங்கள். எலும்புக்கு உதவும் எண் அது மட்டும்தான். கார்பனேட்டில் 40 சதவீதமும் சிட்ரேட்டில் சுமார் 21 சதவீதமும் குளுக்கோனேட்டில் சுமார் 9 சதவீதமும்தான் அசல் கால்சியம். ஆகவே 'கால்சியம் கார்பனேட் 1250 மி.கி., எலிமென்டல் கால்சியம் 500 மி.கி.க்குச் சமம்' என்று போட்டிருந்தால் அது நேர்மையான 500. 'கால்சியம் கார்பனேட் 500 மி.கி.' என்று மட்டும் இருந்தால் கிடைப்பது 200. 'கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி.' என்றால் சுமார் 210. ஆயிரம் என்று பார்த்துத் திருப்தியோடு வீட்டுக்கு வருபவர்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்.

கார்பனேட் வகையில் சென்னையில் எல்லாக் கடையிலும் கிடைப்பது ஷெல்கால் 500. 1250 மி.கி. கார்பனேட், அதாவது அசல் 500 மி.கி.; கூடவே வைட்டமின் டி3 250 யூனிட். அளவு தெளிவாக இருக்கிறது. ஒரு மாத்திரையில் பாதி நாள் தேவை முடிந்துவிடுகிறது. இந்தக் கார்பனேட் சிப்பி ஓட்டிலிருந்து எடுப்பது. அட்டையில் 'ஆர்கானிக் சோர்ஸ்' என்று எழுதியிருந்தால் அர்த்தம் இதுதான், இயற்கை விவசாயம் அல்ல. கண்டிப்பான சைவ வீடுகளில் இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. டி3-யும் பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் மெழுகிலிருந்து வருவது. 'கோரல் கால்சியம்' என்று கூடுதல் விலையில் விற்பதும் கடைசியில் கார்பனேட்தான். ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு அதில் தனி லாபம் எதுவும் இல்லை.

கார்பனேட்டின் பலவீனம் வயிற்றில் இருக்கிறது. அது கரைய அமிலம் வேண்டும். சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டு முடித்த கையோடு போட்டால் அமிலம் இருக்கும். வெறும் வயிற்றில் போட்டால் குறைவாகவே ஏறும். ஸ்டீராய்டுக்காரர்களின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வயிற்றைக் காக்க பான்டோபிரசோல், ரபெபிரசோல், ஒமெபிரசோல் என்று ஏதாவது ஒரு கேஸ் மாத்திரை கூடவே போகிறது. அது அமிலத்தைக் குறைக்கவே கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு பக்கம் அமிலத்தை அடக்கிவிட்டு இன்னொரு பக்கம் அமிலம் கேட்கும் மாத்திரையைப் போடுவதில் என்ன பயன்? சிட்ரேட்டும் சிட்ரேட் மாலேட்டும் அமிலத்தை நம்பி இல்லை. சாப்பாட்டோடும் போடலாம், இல்லாமலும் போடலாம், மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் குறைவு. குறை என்னவென்றால் அசல் கால்சியம் ஒரு மாத்திரையில் பெரும்பாலும் 200 முதல் 250 மி.கி. வரைதான், எனவே இரண்டு போட வேண்டியிருக்கும், மாதச் செலவு ஏறும். அந்தக் கூடுதல் செலவு நியாயமானது என்பது எங்கள் கருத்து. இன்னொன்றையும் கேளுங்கள்: கேஸ் மாத்திரை உங்களுக்கு இன்னும் தேவையா? வலி மாத்திரையோ ஆஸ்பிரினோ கூடச் சாப்பிடாத சிலருக்கு அதை டாக்டரே நிறுத்தலாம். வருடக்கணக்கில் சாப்பிடும் கேஸ் மாத்திரைக்கும் எலும்பு முறிவுக்கும் தொடர்பு இருப்பதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன.

மருந்துக்கடையில் 'நல்ல கால்சியம் கொடுங்க' என்றால் அடிக்கடி நீளும் இன்னொன்று, வழுவழுப்பான ஜெலட்டின் கேப்ஸ்யூல். அதில் பொதுவாக இருப்பது கார்பனேட் 500 மி.கி., கால்சிட்ரியால் 0.25 மைக்ரோகிராம், கொஞ்சம் ஜிங்க். மேலே சொன்ன கணக்குப்படி அசல் கால்சியம் 200 மி.கி. மட்டுமே. கால்சிட்ரியால் என்பது வைட்டமின் டி-யின் முழுமையாகத் தயாரான வடிவம். சிறுநீரகம் அளவு பார்த்துச் செய்யும் கடைசி வேலையை இது தாண்டிப் போய்விடுகிறது. உடம்பின் பிரேக் இதில் பிடிக்காது. சிறுநீரகம் பழுதானவருக்கு இது தேவையான மருந்து, ரத்தப் பரிசோதனையோடு கொடுப்பார்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கும் ஒருவர் இதையும் போட்டு, வாரம் ஒரு டி3 பாக்கெட்டையும் போட்டு, பிரஷருக்குக் குளோர்தாலிடோனும் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏற எல்லா வழியும் திறந்திருக்கிறது. அதிகத் தாகம், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், அளவுக்கு மீறிச் சிறுநீர் போவது ஆகியவை அதன் அடையாளம். ஸ்டீராய்டால் ஏறிய சர்க்கரைக்கும் தாகமும் சிறுநீரும்தான் அடையாளம் என்பதால், சர்க்கரை மட்டும் பார்த்துவிட்டுக் கால்சியம் பார்க்காமல் விடுவது எளிது. 'வலுவான கால்சியம்' என்று கடையில் சொன்னால் அதை வாங்கக் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மீதி வகைகளுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரை விழுங்க முடியாதவருக்கு உதவும். ஆனால் நுரைப்பதற்குச் சேர்ப்பது சோடியம் உப்பு. ஸ்டீராய்டால் ஏற்கெனவே முகம் ஊதி, பிரஷர் ஏறியிருப்பவருக்கு அது வேண்டாத சுமை. சென்னைக் காற்றின் ஈரத்தில் டப்பா ஒருமுறை சரியாக மூடாவிட்டாலே அது நமத்துப்போகும். சிரப்பில் ஒரு ஸ்பூனுக்கு எவ்வளவு அசல் கால்சியம் என்று பாருங்கள். பெரியவருக்கு அது கட்டுப்படியாகாது, சர்க்கரை வேறு. வைட்டமின் கே2 சேர்த்தவை இப்போது அலமாரியில் நிறைய. அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிடுபவர் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் அந்த மருந்தின் வேலையை வைட்டமின் கே முறித்துவிடும். லூபஸோடு ரத்தக்கட்டுப் பிரச்சினையும் இருப்பவர்கள் ஸ்டீராய்டும் அசிட்ரோமும் ஒன்றாகச் சாப்பிடுவது சகஜம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

மலிவு விலைக் கடைகள் எப்படி என்றால், தாராளமாகப் போகலாம். மத்திய அரசுத் திட்டத்தின் மக்கள் மருந்தகங்களும் 2025 பிப்ரவரியில் தமிழகம் முழுக்க ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகங்களும் ஜெனரிக் மருந்து விற்பவை. கார்பனேட்டும் டி3-யும் சேர்ந்த மாத்திரை புதிய கண்டுபிடிப்பு அல்ல. பெரிய பெயர் கொண்ட அட்டைக்கும் இதற்கும் எலும்பு வித்தியாசம் பார்க்காது. பின்பக்கம் அசல் அளவைப் படியுங்கள், அவ்வளவுதான். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கார்பனேட் மாத்திரை கரைகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கால் டம்ளர் வினிகரில் ஒன்றைப் போட்டு, இடையிடையே கலக்குங்கள். அரை மணி நேரத்தில் உடைந்து கரைந்துபோக வேண்டும். அப்படியே உருண்டையாகக் கிடந்தால் வயிற்றிலும் அப்படித்தான் போகும். கேப்ஸ்யூல்களைச் சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; பிய்த்துப் போடாதீர்கள், மாற்றுங்கள்.

60,000 யூனிட் பாக்கெட்

வைட்டமின் டி பாக்கெட்டில் அதிகம் தெரிந்த பெயர் கால்சிரால். ஒரு கிராம் தூளில் 60,000 யூனிட். கேப்ஸ்யூலாகவும் பல கம்பெனிகளில் கிடைக்கிறது. குறைபாடு உள்ளவருக்கு வாரம் ஒன்று என்று எட்டு வாரம், பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் மாதம் ஒன்று. பொருளாக இதில் குறை சொல்ல எதுவுமில்லை. விலையும் நியாயம், வேலையும் செய்கிறது. தவறு நடப்பது எண்ணிக்கையில். 'வாரம் ஒன்று' என்பதைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொள்வதும், எட்டு வாரம் முடிந்தபின் பழைய சீட்டையே காட்டி வருடம் முழுக்க வாங்குவதும் நடக்கிறது. வாரம் ஒன்று என்பதே ஒரு நாளைக்குச் சராசரி 8,500 யூனிட்டுக்கு மேல். பராமரிப்புக்குப் பெரும்பாலான ஸ்டீராய்டுக்காரர்களுக்கு வேண்டியது 600 முதல் 800 யூனிட். கிழமையைக் குறித்து வையுங்கள், அந்தப் பெட்டி மீதே பேனாவால் தேதி எழுதுங்கள். இது கொழுப்பில் கரைவது. ஆடையெடுத்த பாலில் கலக்கிக் காலையில் வெறும் வயிற்றில் குடிப்பதைவிட, மதியம் நெய்யோ எண்ணெயோ சேர்ந்த சாப்பாட்டுக்குப் பின் எடுப்பது நல்லது.

பரிசோதனைக்குக் கேட்க வேண்டியது '25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி'. '1,25' என்று தொடங்கும் வேறொரு பரிசோதனை இருக்கிறது; விலை கூடுதல், குறைபாட்டைக் கண்டுபிடிக்க உதவாது. ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு அளவு ஒரு மில்லி ரத்தநீரில் 30 முதல் 50 நானோகிராம் இருப்பது இலக்கு. 'சென்னை வெயிலில் எப்படிக் குறையும்' என்று கேட்பவர்களுக்கு: தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் வலுவாக இருப்பது ஏறக்குறைய பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை. அந்த நேரத்தில் நாம் ஆபீஸில் அல்லது கதவடைத்த வீட்டில். விடியற்காலை மெரினா நடை தசைக்கும் சமநிலைக்கும் நல்லது, வைட்டமின் டி-க்கு அல்ல. லூபஸ் இருப்பவர் வெயிலையே தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு பாக்கெட்தான் வழி. குழந்தைகளுக்கு வரும் நெஃப்ரோடிக் சிண்ட்ரோமில் சிறுநீரில் ஒழுகும் புரதத்தோடு வைட்டமின் டி-யும் ஒழுகுகிறது. அவர்களுக்கான அளவு எடையைப் பொறுத்துக் குழந்தை மருத்துவர் முடிவு செய்வது. பெரியவர் பாக்கெட்டைப் பங்கு போடக்கூடாது.

எத்தனை மாத்திரை, எப்போது

மொத்தத் தேவை உணவும் மாத்திரையும் சேர்த்து நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மி.கி. உணவைக் கழித்துவிட்டுத்தான் மாத்திரையை எண்ண வேண்டும். பால் 100 மில்லிக்குச் சுமார் 120 மி.கி.; ஆவின் நீலமோ பச்சையோ ஆரஞ்சோ, கொழுப்புதான் மாறுமே தவிர கால்சியத்தில் பெரிய வித்தியாசமில்லை. அரை லிட்டர் பாக்கெட்டை ஒருவரே காபி, தயிர், இரவுப் பால் என்று முடித்தால் 600 வந்துவிடுகிறது. அவருக்கு 500 மாத்திரை ஒன்றே போதும். இரண்டு வேளை காபியில் 200 மில்லி பாலும் ஒரு கிண்ணம் தயிரும் மட்டும் என்றால் 360. சோறு, பருப்பு, கீரை சேர்ந்து இன்னும் 150 அல்லது 200. அவருக்கும் ஒரு 500 போட்டால் ஆயிரத்தைத் தொட்டுவிடும். மூன்று மாத்திரை வேண்டியவர் அபூர்வம். நீர்மோரில் டம்ளரை எண்ணாதீர்கள், அதில் போட்ட தயிரை எண்ணுங்கள். ராகியில் 100 கிராமுக்கு 350 மி.கி. அளவில் இருந்தாலும் ஒரு வேளைக் கூழுக்குப் போவது 30 கிராம் மாவுதான். அதிலும் தானியத்தில் உள்ள பைட்டேட் என்ற பொருள் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, புளிக்க வைத்தால் அது குறையும். முருங்கைக்கீரை நல்ல தேர்வு. பாலக்கில் ஆக்சலேட் அதிகம், அதன் கால்சியம் ஏறுவதில்லை. முள்ளோடு மெல்லும் நெத்திலி மிக நல்லது. கருவாடாக வேண்டாம்: உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடுதலாகப் போகும். ஸ்டீராய்டு ஏற்கெனவே அதே வேலையைச் செய்கிறது. அப்பளமும் ஊறுகாயும் கருவாடும் அதற்குக் கை கொடுக்கின்றன.

ஒரே நேரத்தில் 500 மி.கி.க்கு மேல் போட்டால் குடல் எடுக்கும் விகிதம் குறைகிறது. இரண்டு மாத்திரை என்றால் மதியம் ஒன்று, இரவு ஒன்று. காலையை விட்டுவிடுவது வசதி, ஏனென்றால் மற்றவை எல்லாம் காலையில்தான் நெருக்குகின்றன. தைராய்டு மாத்திரை விடியலில் வெறும் வயிற்றில். அதற்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கேஸ் மாத்திரை டிபனுக்கு அரை மணி முன். ஸ்டீராய்டு டிபன் முடிந்ததும், எட்டு மணி வாக்கில். இரும்புச் சத்து மாத்திரையைக் கால்சியத்திலிருந்து குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் எழுதினால் அந்தக் கெடு முடியும்வரை இடைவெளியை மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். கால்சியம் அவற்றைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாது.

சிறுநீரகக் கல் பயத்தில் கால்சியத்தை நிறுத்துபவர்களுக்கு: சாப்பாட்டோடு போடும் கால்சியம் உணவின் ஆக்சலேட்டைக் குடலிலேயே கட்டிவிடுகிறது. வெறும் வயிற்றில் போடுவதும் தண்ணீர் குறைவாகக் குடிப்பதும்தான் தொந்தரவு. ஏற்கெனவே கல் வந்தவர் டாக்டரிடம் சொல்லிவிட்டு சிட்ரேட்டுக்கு மாறலாம்.

எலும்பு அரிப்பைத் தடுக்க வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரை எழுதியிருந்தால் அதற்கு வேறு சட்டம். காலை எழுந்ததும், வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் சாதாரணத் தண்ணீரில். பிறகு அரை மணி நேரம் படுக்கக்கூடாது, காபி கூடாது, எந்த மாத்திரையும் கூடாது. கால்சியத்தை அன்று மதியத்துக்குத் தள்ளுங்கள். உணவுக்குழாயில் நின்றால் புண் ஆகும்; காபியோடு போட்டால் உடம்புக்குள்ளேயே ஏறாது. அதே வேலைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியானால் அடுத்த தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். அதை நிறுத்தினால் இழப்பு வேகமாகத் திரும்பி, முதுகெலும்பில் பல முறிவுகள் வரலாம். இவற்றை ஆரம்பிக்கும் முன் பல் டாக்டரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிடுவது நல்லது.

டெக்ஸா ஸ்கேன் எடுக்கும்போது

ரத்தத்தில் கால்சியம் நார்மல் என்று வந்தால் எலும்பு நன்றாக இருக்கிறது என்று நினைப்பது பரவலான தவறு. ரத்தத்தின் அளவு குறையாமல் இருக்க உடம்பு எலும்பிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறது. எலும்பின் நிலையைச் சொல்வது அதன் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். ஸ்டீராய்டு நீண்ட நாள் தேவைப்படும் என்று தெரிந்ததும், முதல் ஆறு மாதத்துக்குள் ஒருமுறை எடுத்துவிட வேண்டும்.

போன் செய்யும்போதே கேளுங்கள்: இடுப்பும் கீழ் முதுகும் இரண்டும் எடுப்பீர்களா? குடியிருப்புச் சங்கங்களிலும் கடைகளிலும் நடக்கும் இலவச முகாம்களில் குதிகாலை ஒரு சிறு இயந்திரத்தில் வைத்துச் சொல்வது அல்ட்ராசவுண்ட் மதிப்பு. ஸ்டீராய்டு சிகிச்சையை அதை வைத்து முடிவு செய்ய முடியாது. முகாமில் நல்லபடியாக வந்தது என்று டெக்ஸாவைத் தவிர்க்காதீர்கள். மோசமாக வந்தது என்று அங்கேயே விற்கும் டப்பாவையும் வாங்காதீர்கள்.

ஸ்கேனுக்கு முந்தைய 24 மணி நேரம் கால்சியம் மாத்திரை வேண்டாம். கரையாத மாத்திரை குடலில் இருந்தால் முதுகெலும்பின் மேல் விழுந்து எண்ணைக் கூட்டிக் காட்டும். கான்ட்ராஸ்ட் போட்ட சிடியோ பேரியம் பரிசோதனையோ சமீபத்தில் எடுத்திருந்தால் சொல்லி, ஒரு வாரமாவது தள்ளிப்போடுங்கள். வெள்ளி அரைஞாண் கொடியைக் கழற்ற மறந்துவிடாதீர்கள்; அது சரியாக அளக்க வேண்டிய இடத்துக்குக் குறுக்கே கிடக்கும். கழற்றச் சொல்லாத சென்டர் கவனக்குறைவான சென்டர். படுத்திருப்பது பத்துப் பதினைந்து நிமிடம், ஊசி இல்லை, கதிர்வீச்சு மிகக் குறைவு.

ரிப்போர்ட்டில் 50 வயதைத் தாண்டிய ஆண்களும் மாதவிடாய் நின்ற பெண்களும் டி ஸ்கோர் (ஆரோக்கியமான இளவயதினரோடு ஒப்பிடும் எண்) பார்க்க வேண்டும், மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழ் எலும்புப்புரை. வயது குறைந்தவர்களுக்கு இசட் ஸ்கோர், அதாவது அதே வயதினரோடு ஒப்பிடும் எண். இருபத்தைந்து வயது லூபஸ் நோயாளிக்கு டி ஸ்கோரை மட்டும் அச்சடித்துக் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். வயதானவர்களின் முதுகில் மூட்டுத் தேய்மானத்தால் முளைத்த எலும்பு எண்ணை உயர்த்திக் காட்டுவதால் இடுப்பின் எண்ணுக்கு மதிப்பு அதிகம். எல்லாவற்றையும்விட முக்கியமானது: ஸ்டீராய்டு எலும்பின் அடர்த்தியை மட்டுமல்ல, தரத்தையும் கெடுக்கிறது. மற்றவருக்கு முறியாத எண்ணில் இவர்களுக்கு முறியும். மைனஸ் 1.8 என்று வந்தால் 'இன்னும் நேரமிருக்கிறது' என்று வைத்துவிடாமல், டோஸ், வயது, பழைய முறிவு எல்லாம் சேர்த்து முறிவு அபாயத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். அதற்கான ஃப்ராக்ஸ் கணிப்பில் இந்தியாவுக்கு என்று தனி அளவு உண்டு, பிரெட்னிசொலோன் 7.5 மி.கி.க்கு மேல் என்றால் வரும் எண்ணை டாக்டர் கூட்டிக்கொள்வார். அடுத்த வருடம் எடுக்கும்போது அதே சென்டர், அதே இயந்திரம். ஒரு கம்பெனி இயந்திரத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. ஸ்கோரை மட்டுமல்ல, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற மூல எண்ணும் படமும் உள்ள முழு ரிப்போர்ட்டை வாங்கி வையுங்கள்.

சொல் குழப்பம் ஒன்றும் இதில் இருக்கிறது. நம் ஊரில் முழங்கால் மூட்டு தேய்ந்தாலும் 'எலும்புத் தேய்மானம்', அடர்த்தி குறைந்தாலும் 'எலும்புத் தேய்மானம்'. 'தேய்மானத்துக்கு மருந்து' என்று கடையில் கேட்டால் மூட்டுக்கான குளுக்கோசமைன் வந்து சேரும். எலும்புப்புரைக்கு அது எதுவும் செய்யாது. 'எலும்புப்புரை' என்றே சொல்லிப் பழகுங்கள்.

முதுகெலும்பு முறிவு பல ஸ்டீராய்டுக்காரர்களுக்கு வலியே இல்லாமல் நடக்கும். இதற்கு மலிவான காவல், சுவரில் ஒரு பென்சில் கோடு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருப்பில்லாமல் நின்று உயரம் அளந்து எழுதுங்கள். இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்புக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்று கேளுங்கள். தொடை இடுக்கில் புதிதாக வலி வந்து, கால் மடக்கி உட்காரக் கஷ்டமாக இருந்தால் அதைக் கால்சியம் குறைவு என்று நினைத்து மாத்திரையைக் கூட்டிக்கொண்டிருக்காதீர்கள். ஸ்டீராய்டால் இடுப்பெலும்பு மூட்டின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று அது செத்துப்போகும் நோய் இப்படித்தான் தொடங்கும். எந்தக் கால்சியமும் அதைத் தடுக்காது, ஆரம்பத்தில் எக்ஸ்ரேயிலும் தெரியாது. இடுப்பு இரண்டுக்கும் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், அந்த வாரமே.